இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தெலுங்கு

மொட்டைமாடியில் என் வீட்டுக்காரர், கீழே டி.வி. முன்னால் நான். எங்கள் கல்யாணத்தின் இரண்டாம் வருஷத்தை ஒரே மூச்சில் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன். நடுவே ஒரு படிக்கட்டு, ஒரு கறுப்பு ஒயர், இரண்டு தொண்டைகள்.

"வந்துச்சா?"

"இல்லீங்க!"

"இப்ப?"

"கட்டம் கட்டமா ஒடையுதுங்க!"

"இப்பப் பாரு!"

"வந்துச்சு, வந்துச்சு... அய்யோ, போயிருச்சுங்க!"

அன்றைய டிஷ் இன்றைக்கு ஜன்னலோரம் மாட்டுகிற தட்டு மாதிரி இல்லை. எட்டடி அகலக் கம்பி வலை. காற்றடித்தால் முனகும். விளிம்பில் காக்கை உட்கார்ந்தால் கீழே ஒரு சேனல் போகும். அதை இவர் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, விரற்கடை அளவு திருப்பி, ஆகாயத்தில் எங்கோ நிற்கிற ஒரு பொட்டைத் தேடுவார். வெயிலில் நெற்றி மின்ன அவர் அப்படித் தேடுகிறதை நான் படி ஏறிப் போய் ஒருமுறை பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அன்றைக்கு விழுந்தவள்தான்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஏழு வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர், ஒரு புரட்டாசியில் வேலையை விட்டார். வார்னிஷ் வாசனையோடு வீட்டுக்கு வந்து, கை கழுவி, சாப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷர். திடீரென்று டிஜிட்டல் ரிசீவர் என்றார். கேபிள்காரர்களின் ஒயர் ஊரோடு நின்றுவிடுகிறது, தோட்டத்துக்குள் தனியாக இருக்கிற வீடுகளுக்குப் போவதில்லை, அங்கெல்லாம் டிஷ் ஏற்றி, டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தால் போதும் என்றார். பேசினார், பேசினார், கல்யாணத்துக்குப் பின் அதுவரை பேசியதையெல்லாம் கூட்டினாலும் வராத அளவு பேசினார்.

மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கம்பெனி மொதலாளி நம்ம சொந்தம். தை பொறக்கற வரைக்கும் உன் எடத்தை யாருக்கும் குடுக்கமாட்டேன்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள பத்து வீட்டுல உன் டிஷ் நிக்கோணும். நிக்கலீன்னா பொங்கல் முடிஞ்ச அன்னிக்கே மறுபடி காயில் சுத்தப் போயிரோணும். சம்மதமா?"

சம்மதம் என்றார் இவர். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மாடியில் நிற்கிற ஆளைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது, சுவரைப் பார்க்கிற ஆள் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

நான் எதற்கு இந்த வேலையில் கூடப் போனேன் என்பதைச் சொல்லவேண்டும். முதல் வீடு கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. இவர் தனியாகத்தான் போனார். மாடியிலிருந்து "வருதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். கீழே டி.வி. முன்னால் நின்ற தோப்புக்காரர், "நல்லா வருதுங்க!" என்றிருக்கிறார். இவருக்குச் சந்தோஷம். பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது, ஒயரையே இன்னும் செருகவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் திரை முழுக்க நீலம்.

"ஏனுங்க, ஒண்ணுமே வரலியே!"

"நீங்க வெயில்ல நிக்கறீங்களேன்னு சொன்னனுங்க. வரும்போது வரட்டுமுங்க. மோர் குடிக்கறீங்களா?"

எங்கள் பக்கத்து ஆட்களை இதற்கு மேல் விளக்க முடியாது. கூப்பிடும்போது ஒரு 'ங்க', போகச் சொல்லும்போது ஒரு 'ங்க', திட்டினாலும் கடைசியில் ஒரு 'ங்க'. வீட்டுக்கு வந்த மனுஷனின் வேலையைக் குறை சொல்வது, அவர் குடித்த தம்ளரை அவர் கண்ணெதிரில் கவிழ்த்து வைப்பதற்குச் சமம். ஆகவே திரையில் கட்டம் உடைந்தால் உடைகிறது என்று கூசாமல் கத்துகிற ஓர் ஆள் இவருக்குத் தேவைப்பட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மறுநாளே அந்தத் தோப்புக்கு என்னையும் கூட்டிப் போனார்; வேலை கிடைத்துவிட்டது.

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன்.

முதல் பெட்டியை எங்கள் வீட்டில்தான் வைத்துப் பார்த்தோம். பின்பக்கம் சத்தத்துக்கென்று இரண்டு துளை, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. எங்கள் டி.வி.யிலோ சத்தம் உள்ளே போக ஒரே துளை. தோட்டத்து வீட்டு டி.வி.க்களும் அதே ஜாதிதான். இவர் யோசிக்கவே இல்லை. இரண்டு ஒயரையும் உரித்து, முறுக்கி, பற்றவைத்து, ஒன்றாக்கி உள்ளே செருகினார்.

"ஒண்ணு போதாதுங்களா?" என்றேன்.

"மோட்டாருக்கு ஒரு கம்பி வரலீன்னா என்ன ஆகும் தெரியுமா? உறுமி, சூடேறி, காயில் பொகஞ்சு போயிரும். வந்த கம்பி எதையும் சும்மா உடக்கூடாது அம்மணி."

ஏழு வருஷம் காயில் சுற்றிய கை அது. பெட்டியின் மெனுவில் சத்தத்துக்கு மூன்று வழி இருந்தது: லெஃப்ட், ரைட், ஸ்டீரியோ. அதில் எது உசத்தி என்று கேட்கவா வேண்டும்? ஸ்டீரியோவில் வைத்து, ரிமோட்டைத் துண்டால் துடைத்து, மாமியார் கையில் கொடுத்தார்.

அப்போது ஒரு சேனல் வந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் தோட்டத்துக்காரர்கள் டிஷ்ஷே கேட்டார்கள். சாயங்காலமானால் தொடர், ராத்திரி சினிமா, ஞாயிற்றுக்கிழமை காட்டு மிருகம். படம் ஒன்று, பேச்சு இரண்டு. இடப்பக்கத்தில் தமிழ், வலப்பக்கத்தில் தெலுங்கு. எந்த வீட்டுக்கு எது வேண்டுமோ அந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ளட்டும் என்று அனுப்பினார்கள். நாங்கள் இரண்டையும் முறுக்கிப் பற்றவைத்துவிட்டோம்.

திரையில் ஒரு பெண் அழுதாள். தமிழிலும் அழுதாள், தெலுங்கிலும் அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தின ஆண் இரண்டு குரலில் சமாதானப்படுத்தினான்.

"அட!" என்றார் மாமியார். "ரெண்டும் வருதே! இதுதான் டிஜிட்டலா?"

"இதுதான் அத்தை," என்றேன் நான், பெரிய மனுஷியாட்டம்.

எங்களுக்கு அது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை. பாட்டன் பூட்டன் காலத்திலேயே இங்கே வந்து, பருத்தி விதைத்து, மில் சங்குச் சத்தத்தில் வளர்ந்த தெலுங்குக் குடும்பம் எங்களுடையது. என் பிறந்த வீடும் அப்படித்தான். ஒரு வாக்கியம் தெலுங்கில் கிளம்பும், பாதிவழியில் தமிழ் ஏறிக்கொள்ளும், முற்றுப்புள்ளி எந்த மொழி என்று யாருக்கும் தெரியாது. மாமியார் அடுப்படியிலிருந்து தெலுங்கில் கேட்பார், மாமனார் கூடத்திலிருந்து தமிழில் பதில் சொல்வார், அதே நேரத்தில் இவர் இரண்டிலும் சாவியைத் தேடுவார். எங்கள் காதுகள் பிறந்ததிலிருந்தே இரண்டு ஒயரை ஒன்றாக முறுக்கினவை. மாமியார் தெலுங்கைக் கேட்டார், மாமனார் தமிழைக் கேட்டார். நான் இந்த வரியில் ஒன்று, அடுத்த வரியில் மற்றொன்று என்று தவளைபோல் தாவித் தாவிக் கேட்டேன். எவ்வளவு சுகம்!

இவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "எல்லா ஊட்டுக்கும் இப்படியே வெச்சிரலாம்," என்றார்.

வைத்தோம். கிணத்துக்கடவுத் தோப்பு, அதற்கப்பால் இன்னொரு தோட்டம், சூலூர்ப் பக்கம் ஒரு வீடு, கார்த்திகையில் கோபிசெட்டிபாளையத்தில் வயலுக்கு நடுவில் ஒரு பெரிய வீடு. நான்கு வீடு. ஒவ்வொன்றிலும் நான் திரையைப் பார்த்துக் கத்தினேன். படம் கண்ணாடி மாதிரி நின்றதும் ஸ்டீரியோவில் வைத்தோம். இரண்டு குரலும் வந்தன. வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதை ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்படிங்க இருக்குது?"

"அருமைங்க!"

கோபிக்காரர் ஒரு படி மேலே போய், "இப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லீங்க," என்றார். உண்மையைத்தான் சொன்னார், பாவம். வரும்போது ஒரு தார் வாழையைத் தூக்கி வேறு கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் ஓடுகிற நெல்லும் தென்னையும் எங்களைப் பார்த்துத்தான் தலையாட்டுகின்றன என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த வயசில் ஒரு வாழைத்தாருக்கே அவ்வளவு இறுமாப்பு.

ஐந்தாவது வீடு வரவில்லை.

ஒரு டிஷ் ஏறினால் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நான்கு பேர் வந்து பார்ப்பார்கள், அதில் இரண்டு பேர் கூப்பிடுவார்கள் என்பது இவர் கணக்கு. வந்து பார்த்தார்கள். கூப்பிடத்தான் இல்லை. இவர் போன் போட்டு விசாரிப்பார். "ஏதாச்சும் குறைங்களா?" "ஒரு குறையும் இல்லீங்க, நல்லா ஓடுதுங்க!" போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். மார்கழி பிறந்தது. குறை இருந்தால் சரிசெய்யலாம். இல்லாத குறையை எந்த ஸ்க்ரூடிரைவரால் திருகுவது? பேச்சு மெல்ல மெல்ல வற்றியது. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், பீரோவின் அடியிலிருந்து கம்பெனிக் காக்கிச் சட்டையை எடுத்து, பட்டன் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 

அந்த வாரம் நானாகக் கிளம்பினேன். தேங்காய்க்கு வரச்சொல்லி கிணத்துக்கடவுத் தோப்புக்கார அக்கா ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைச் சாக்காக வைத்து, உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, கிணத்துக்கடவில் இறங்கி, தோப்புக்குள் நடந்தேன்.

வாசலிலேயே தெரிந்தது, டி.வி. ஓடுகிறது. அந்தச் சேனல்தான், பகலில் மறுபடி போடுகிற தொடர். ஆனால் வீடு நிசப்தம். அக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் வாய்கள் அசைய, அக்காவே பேசிக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்குடி வந்தே? ... ஏன், நான் வரக்கூடாதா?" இரண்டு பாத்திரத்துக்கும் அக்காவே குரல். கதையும் அவருடையதுதான்.

என்னைக் கண்டதும் முறம் கவிழ எழுந்தார். "வாங்க கண்ணு, வாங்க! சும்மா, பொழுது போகலீன்னு..."

"ஏங்கக்கா, சத்தம் வெக்கலியா?"

"சத்தம் அருமையா வருதுங்க. மாமனுக்குத்தான் தலை நோவுதுன்னு..." மாமன், அதாவது அவர் வீட்டுக்காரர், தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார், வீட்டிலேயே இல்லை.

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். இரண்டு குரலும் எழுந்தன. கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. திரையில் மாமியார்க்காரி ஏதோ நக்கலாகச் சொல்ல, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா என்னையே வியப்பாகப் பார்த்தார்.

"நீங்க கெட்டிக்காரிங்க கண்ணு."

"ஏனுங்க?"

"ரெண்டையும் பிரிச்சுக் கேக்கறீங்களே! நாங்களும் பழகிப் பாத்தமுங்க. மாமன் ஒரு காதைப் பொத்திக்கிட்டுக்கூடக் கேட்டாரு. பிரிய மாட்டேங்குது. தமிழைப் புடிக்கப் போனா அந்தத் தெலுங்குக்காரன் குறுக்கால உழுந்து உழுந்து எந்திரிக்கறான். எங்களுக்கு அத்தனை படிப்பு இல்லீங்களே."

முறத்திலிருந்து சிந்தின துவரையைப் பொறுக்குகிற மாதிரி நான் குனிந்துகொண்டேன். முகத்தை எங்கே வைப்பது? திரையில் ஒரு கட்டம் உடைந்தால் ஊருக்கே கேட்கக் கத்துகிறவள் நான். காதுக்குள் இரண்டு ஊர் சண்டை போட்டதை நான்கு வீட்டிலும் நின்று கேட்டுவிட்டு, "வந்துச்சுங்க, சூப்பருங்க" என்று மாடிக்குக் குரல் கொடுத்திருக்கிறேன்.

"அக்கா, ஏங்கக்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"அத்தன வெயில்ல நின்னு வெச்சுக் குடுத்துட்டுப் போனாரு உங்கூட்டுக்காரரு. எப்படிங்க சொல்றது?"

பத்துத் தேங்காயோடு பஸ்ஸில் வரும்போது, இதை இவரிடம் எந்த மொழியில் சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். வீட்டில் நுழைந்ததும் ஒத்திகையெல்லாம் பறந்துவிட்டது.

"ஏனுங்க, நாம பண்ணினது தப்புங்க. யாருக்கும் ஒண்ணும் புரியல. சத்தத்தை அடைச்சு வெச்சுட்டு ஊமைப்படம் பாக்கறாங்க."

"யாரு சொன்னா? நேத்துக்கூடப் போன்ல கேட்டேன். அருமைன்னாங்க."

"அருமைன்னுதான் சொல்லுவாங்க! நீலத்தையே நல்லா வருதுன்னு சொன்ன ஆளுங்க!"

இவர் நேராகப் பெட்டியிடம் போனார். மெனு, ஆடியோ, ஸ்டீரியோ. அதிலிருந்து லெஃப்டுக்குத் தள்ளினார். தெலுங்கு சட்டென்று நின்றது. அறை முழுக்க ஒரே ஒரு குரல், தமிழ். எனக்கே என்னவோ மழை விட்ட மாதிரி இருந்தது.

அடுப்படியிலிருந்து மாமியார் ஓடி வந்தார். "என்னாச்சு? ஒருத்தன் குரலைக் காணோம்! கெட்டுப்போச்சா?"

"கெடல அம்மா," என்றார் இவர். "இப்பத்தான் சரியாயிருக்குது." சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். இல்லை, சிரிக்கிறார். "ஒரு கம்பிய விட்டா மோட்டார் பொகஞ்சிரும்னு... இது பேச்சுடி! மோட்டாரில்லியே!" சிரிப்பு நிற்கவில்லை. மாமனார் எட்டிப் பார்த்து, விஷயம் தெரியாமலேயே சிரித்தார். குறை கிடைத்துவிட்டது. ஒரு மாசமாகத் தேடின குறை, ரிமோட்டில் ஒரு பட்டன் தூரத்தில்.

தை பிறக்கப் பதினோரு நாள்.

கிணத்துக்கடவு வீடுகளில் சுலபமாக முடிந்தது. தமிழ் மட்டும் வந்ததும் அக்கா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அவ அப்படியா சொன்னா! நான் வேற கதையல்ல வெச்சிருந்தேன்!" என்றார். சூலூரிலும் முடிந்தது. கோபியில்தான் முட்டிக்கொண்டது.

"குறையா? ஒரு குறையும் இல்லீங்களே," என்றார் வயல்காரர். "யாருங்க உங்ககிட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நாங்களாத்தான், சத்தத்துல ஒரு சின்ன..."

"சத்தம் பிரமாதமுங்க! அதைப் போயித் தொடாதீங்க. ரெண்டு பாஷையும் வருது, எத்தனை பேருக்குக் கெடைக்கும்? உக்காருங்க, எலை போடச் சொல்றேன்."

தொட விட்டால்தானே? தொட்டால் அன்றைக்கு வைத்தது தப்பு என்று ஆகிவிடும், எங்கள் மனசு நோகும். அதற்காக அந்த மனுஷர் பெட்டிக்கு முன்னால் காவல் தெய்வம் மாதிரி நிற்கிறார். இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். கல்யாணம் ஆன பிறகு நாங்கள் வாய் திறக்காமல் பேசிக்கொண்டது அதுதான் முதல்முறை.

"டிஷ் போல்ட்டு காத்துல லூசாயிருக்கும், ஒருக்கா பாத்துர்றேனுங்க," என்று இவர் மாடிக்கு ஏறினார். விருந்தாளியைத் தனியே விடக்கூடாதே, வயல்காரரும் கூடவே ஏறினார். நான் ரிமோட்டை எடுத்தேன். மெனு, ஆடியோ, லெஃப்ட். மூன்று அழுத்து. அவர் இறங்கி வருவதற்குள் திரையில் தமிழ் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது.

அவர் கதவருகே நின்று கேட்டார். வெகுநேரம் கேட்டார். முகம் மெல்ல இளகியது. வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, கடைசியில் இலை முன்னால் உட்கார்ந்ததும், "பாயசம் இன்னொரு கரண்டி போட்டுக்கங்க," என்றார் என்னிடம். அவ்வளவுதான்.

திரும்பி வந்தோம். போன் அடிக்கவில்லை. பதினொன்று ஏழாகி, நான்காகி, இரண்டானது. நான்கு வீடு நான்காகவே நின்றது. போகிக்கு முந்தின நாள் காலையில் இவர் காக்கிச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினார். பொங்கல் முடிந்ததும் வருகிறேன் என்று முதலாளியிடம் நேரில் சொல்லிவிட்டு வரவேண்டுமாம். செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"ஏனுங்க அம்மணி, நீங்க பண்ணியிருக்கறது நாயமுங்களா?" கோபிக்காரர்! குரல் உச்சத்தில் இருந்தது. "நேத்து கரண்ட்டு போயிட்டு வந்துச்சுங்க. வந்தா மறுபடி ரெண்டு பேரும் பேசறானுங்க! ஒரு வாரமா நிம்மதியாக் கேட்டுட்டு இருந்தமுங்க. இப்ப ஊட்டுல ஒருத்தரும் என்னை நிம்மதியா உடலீங்க. என்ன பெட்டிங்க வெச்சீங்க? கரண்ட்டு போனாப் பழசுக்கே போகுமா? வேலைன்னா முழுசாச் செய்யோணுமுங்க!"

போனை இவர் காதில் வைத்தேன். இவர் கேட்டார். கேட்கக் கேட்க முதுகு நிமிர்ந்தது. மெனுவில் மாற்றினதைக் கடைசியில் 'சேவ்' கொடுக்காமல் விட்டது என் அவசரம். அதைச் சொல்லிச் சமாளிக்கலாமே? இவர் சமாளிக்கவில்லை.

"தப்புதானுங்க... ஆமாங்க, எங்க தப்புதானுங்க... வேற என்னங்க குறை? படம்? மேல ஓரத்துல கோடா? சொல்லுங்க, சொல்லுங்க..." கையை நீட்டினார். பென்சிலைக் கொடுத்தேன். காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். அந்தப் பக்கத்தில் திட்டு நிற்கவில்லை. நடுவே குரல் சற்றுத் தணிந்தது. பங்காளிகள் மூன்று பேர் வந்து தமிழில் தெளிவாகக் கேட்டுவிட்டுப் போனார்களாம், அவர்களுக்கும் வேணுமாம். "ஆனா மொதல்ல இதைச் சரி பண்ணுங்க. பண்ணாம அங்க போனீங்கன்னா நான் உடமாட்டேனுங்க!"

"இன்னிக்கே வாரேனுங்க," என்றார் இவர். போனை வைத்துவிட்டு அந்தத் தாளை மாமனாரிடம் நீட்டினார். கல்யாணப் பத்திரிகை நீட்டுகிற மாதிரி நீட்டினார்.

மாமனார் கண்ணாடியை மாட்டிப் படித்தார். ஏழு குறை, வரிசையாக. மூன்று பங்காளிகளின் பேர், ஓரத்தில்.

"பத்து ஆகலியே," என்றார்.

"ஆகலீங்கப்பா."

மாமனார் தாளை மடித்து, இவர் சட்டைப் பையிலேயே வைத்தார். "மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். நீ காந்திபுரத்துக்குப் போ. ஒம்போது மணி கோபி பஸ்ஸு போயிரும்."

நான் எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் வீட்டு ரிமோட்டைத் தூக்குப்பையில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினேன். இந்த முறை சேவ் கொடுப்பது யார் என்று தெருமுனை வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனோம்.